கூப்பிடு தூரம்

(நமது மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் மலை ஊழியக் குழுவின் சார்பாக வாசிக்கப்பட்ட உரை)



சென்ற தை மாதத்தில் நாங்கள் எட்டுப் பேர் ஜவ்வாது மலையில் மூன்று நாள் சைக்கிளில் சுற்றி வந்ததை நம்முடைய இதழில் இரண்டே வரியில் அறிவித்திருந்தோம். அதைப் படித்த நெடுங்கால ஆதரவாளர் ஒருவர் எங்களுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். நாங்கள் அனுப்பும் காணிக்கை நோயாளிகளுக்கு என்றே நினைத்திருந்தோம், சைக்கிள் சவாரிக்கும் போகிறதா என்று அதில் கேட்டிருந்தார்.

கேள்வி நியாயமானது. ஆகவே பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். மருத்துவமனைப் பணத்தில் ஒரு ரூபாயும் செலவாகவில்லை. மூன்று சைக்கிள் எங்களுடையவை, ஐந்து இரவல். சாப்பாடும் பஞ்சர் ஒட்டிய செலவும் எங்கள் கையிலிருந்து. எட்டுப் பேரும் எங்கள் விடுப்பில்தான் போனோம். ஆனாலும் போனது எதற்கு என்று அந்தச் சகோதரருக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. அதை உங்கள் எல்லோர் முன்னும் சொல்வது நல்லது என்று தோன்றிற்று.

நம்முடைய ஜீப் மாதத்துக்கு ஒரு முறை மலைக்குப் போகிறது என்பதை அறிவீர்கள். தார் ரோடு முடிகிற இடத்தில் நிற்கும். அதற்கு அப்பால் உள்ள சிற்றூர்களிலிருந்து மக்கள் நடந்து வருவார்கள். நடக்க இயலாதவர்களை மூங்கிலில் துணி கட்டி டோலியில் தூக்கி வருவார்கள். எங்கள் பதிவேட்டில் பெயர், வயது, ஊர் என்பவற்றோடு 'தூரம்' என்று ஒரு கட்டமும் உண்டு. அதில் கிலோமீட்டர் எழுதுவோம்.

சென்ற ஆண்டு ஆடி மழையில் ஒரு தாயை டோலியில் கொண்டுவந்தார்கள். வீட்டில் பிரசவமாகி, அதன் பின் இரத்தப்போக்கு நிற்கவில்லை. இப்படிப்பட்ட இரத்தப்போக்கு கடுமையானால் இரண்டு மணி நேரத்திற்குள் உயிரைக் கொண்டுபோய்விடக் கூடியது. தேவன் கிருபையாய் அந்தத் தாயைக் காப்பாற்றினார். மறுநாள் டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார். 'தூரம்: 6 கி.மீ.' என்று எழுதியிருந்தது. தூக்கி வந்தவர்கள் சொன்ன நேரமோ மூன்றே முக்கால் மணி. "ஆறு கிலோமீட்டருக்கு மூன்றே முக்கால் மணியா? எப்படி?" என்று கேட்டார். இத்தனை ஆண்டு மலைக்குப் போய் வரும் எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. எங்களில் யாரும் அந்தப் பாதையில் நடந்ததே இல்லை.

சைக்கிளில் போகலாம் என்று தீர்மானித்தது இதனால்தான். ஜீப் அங்கே போகாது. நடந்தால் மூன்று நாளில் இரண்டு ஊருக்கு மேல் பார்க்க முடியாது. மோட்டார் சைக்கிளில் போனால் ஏற்றம் என்ஜினுக்குத்தான் தெரியும், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. சைக்கிளில் போகிறவன் தொடைக்கு ஒவ்வோர் அடி ஏற்றமும் தெரியும்.

புறப்படும் முன் சைக்கிள் கடைக்காரர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டோம். நமது ஊர்களில் ஓடுகிற சாதாரண சைக்கிளுக்கு ஒரே பல்சக்கரம். சமதளத்துக்கு அது போதும், மலைக்குப் போதாது. கியர் உள்ள, அகலமான டயர் போட்ட சைக்கிளே வேண்டும் என்றார். காற்றைக் கல்லுப்போல் அடிக்காதீர்கள் என்றும் சொன்னார். தார் ரோட்டில் கெட்டியான டயர் இலகுவாக ஓடும். சரளையிலோ அது ஒவ்வொரு கல்லின் மேலும் துள்ளி வழுக்கும். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் கல்லைச் சுற்றி அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சிக் குறைத்துவிட்டால் கல் மோதும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிப்போகும். இதையும் அவர் சொன்னார்; நாங்கள்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

வனத்துறையினரின் அனுமதி பெற்று, ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஏறினோம். 1977-இல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்கள் தெரியவந்தபோது, அதைக் கண்ட தொலைநோக்கிகளில் ஒன்று காவலூரில் இருந்தது. இவ்வளவு தூரத்தைப் பார்க்கிற கண் இருக்கும் மலையில், அடுத்த மேட்டிலிருக்கும் ஊருக்கு எப்படிப் போவது என்று நமக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அன்று இரவு ஜமுனாமரத்தூரில் தங்கினோம். அதுவரை தார் ரோடுதான்; ஏறுகிறவர்கள் நெஞ்சு இரைத்தாலும் வழி சந்தேகமில்லை.

மறுநாள் தார் ரோட்டை விட்டு இறங்கினோம். அங்குள்ள பாதைகள் பல வகை. கிராவல் மண் கொட்டி உருளை ஓட்டிய ரோடு ஒன்று. ஜல்லி பரப்பிச் செம்மண் தூவி இறுக்கிய கப்பி ரோடு ஒன்று. மரம் ஏற்றுவதற்காக முற்காலத்தில் காட்டுக்குள் வெட்டிய கூப்பு ரோடு ஒன்று. பிறகு வெறும் ஒற்றையடிப் பாதை. கிராவல் ரோட்டைக் கெடுப்பது வண்டிகள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். வண்டிகள் வரிவரியாய்ப் பள்ளம் போடுவது உண்மைதான். ஆனால் பெரிய சத்துரு தண்ணீர். ரோடு நடுவில் முதுகுபோல் சற்றே உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டும், ஓரத்தில் வாய்க்கால் வேண்டும். வாய்க்கால் தூர்ந்துபோனால் மழைத்தண்ணீர் ரோட்டையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். மண் எல்லாம் அடித்துக்கொண்டு போய், கூரான ஜல்லி மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒரு சிறு குழாய்ப் பாலம் இல்லாத குறையால் அரைக் கிலோமீட்டர் ரோடு இப்படி எலும்பாய்க் கிடந்ததை ஓர் இடத்தில் பார்த்தோம். அந்த அரைக் கிலோமீட்டருக்காகவே ஜீப் இத்தனை வருடமும் அதற்கு இப்பால் நின்றிருக்கிறது.

அந்த இடத்தில்தான் எங்கள் முதல் பஞ்சர். ட்யூபைக் கழற்றித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தபோது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். எங்களோடு வந்த நர்ஸ் சகோதரி அதைப் பார்த்து, "பாம்பு கடிச்ச மாதிரியே இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் வேலூர் மாவட்டத்தின் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒரு சிறு குழந்தை இறந்ததையும், ரோடு சரியில்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுபோக, பெற்ற தாய் அந்தச் சரீரத்தைக் கையில் ஏந்தி மலை ஏறியதையும் நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் நம் தேசத்தில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள், பெரும்பாலோர் கிராமத்தார். கடிபட்டவரை நடக்க விடக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல், இறுக்கிக் கட்டாமல், வெட்டாமல், தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஆகவே கடிபட்டவருக்குச் சைக்கிள் உதவாது. ஜீப்பை அழைக்க ஓடுகிறவருக்கு உதவும். மலையில் எல்லா இடத்திலும் கைபேசிக்குச் சிக்னல் இல்லை. குறிப்பிட்ட சில பாறைகளின் மேல் ஏறி நின்றால் கிடைக்கும், ஊர்ப்பிள்ளைகளுக்கு அவை எல்லாம் அத்துப்படி. அன்றிலிருந்து அந்தப் பாறைகளையும் குறித்துக்கொண்டே போனோம்.

இனி எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும்.

பிற்பகல் ஒரு மணிக்கு மேட்டிலுள்ள ஒரு சிற்றூரை அடைந்தோம். சாமை அறுத்து முடிந்த கொல்லைகள். எதிரே பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் இன்னொரு மேடு, அதில் பத்துப் பதினைந்து கூரைகள், அடுப்புப் புகை. அடுத்ததாக நாங்கள் போகவேண்டிய ஊர் அதுதான். எவ்வளவு தூரம் என்று ஒரு பெரியவரைக் கேட்டோம்.

"தோ தெரியுது பாருங்க. கூப்பிடு தூரம்தான் சாமி," என்றார்.

சொன்னதோடு நிற்காமல் வாயில் கையைக் குவித்துக் கூவினார். அரை நிமிடத்துக்குள் எதிர் மேட்டிலிருந்து பதில் குரல் வந்தது. எங்களுக்கு ஆச்சரியம். ஆஸ்பத்திரிக்காரர்கள் வருகிறார்கள், மூன்று மணிக்கு எல்லோரும் கூடி இருங்கள் என்று அவர் வாயாலேயே சொல்லி அனுப்பினோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஆறரை மணிக்கு. குரலுக்குப் பள்ளத்தாக்கு ஒரு பொருட்டில்லை, நேரே போய்விடும். கால் முழுவதும் இறங்கி, ஓடையைக் கடந்து, முழுவதும் ஏற வேண்டும். இறக்கத்தில் உருண்டைக் கல் சைக்கிளை இழுத்துக்கொண்டு போயிற்று. வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைப் பிடித்த ஒருவர் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துக்கொள்ள வேண்டும், முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி உட்கார வேண்டும், விலக்க வேண்டிய கல்லைப் பாராமல் போகவேண்டிய தடத்தைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் விழுந்த பிறகு கற்றுக்கொண்டவை. ஏற்றத்தில் சைக்கிள் எங்களைச் சுமக்கவில்லை, நாங்கள் அதைச் சுமந்தோம்.

ஊரார் மூன்று மணிக்கே கூடியிருந்தார்களாம். கொல்லை வேலையை விட்டுவிட்டு, புளி உலுக்குவதை விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, வரமாட்டார்கள் என்று கலைந்து போயிருந்தார்கள். ஒரு நாள் கூலி எங்களால் வீணாயிற்று. அவர்களில் எவரும் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எங்களுக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

ஒரு பெண் மட்டும் மாமியாரோடு உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. இரண்டு நாளாகத் தலைவலி என்று மாமியார் சொன்னார். சகோதரி டார்ச் வெளிச்சத்தில் இரத்த அழுத்தம் பார்த்தார். 150-க்கு 100. மறுபடியும் பார்த்தார், அதேதான். சிறுநீரில் புரதமும் இருந்தது. கர்ப்பகாலத்தில் இவை இரண்டும் சேர்ந்து வந்தால் வலிப்பு வரக்கூடும், தாயும் சேயும் ஆபத்தில். அந்தப் பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இரவு. கரடி நடமாடுகிற காடு. வந்த பாதையில் டோலி தூக்கினால் எத்தனை மணி நேரம் ஆகும் என்பது இப்போது எங்கள் கால்களுக்கே தெரியும். சகோதரி தன்னிடம் இருந்த மாத்திரையைக் கொடுத்து அவளை இடப்புறமாய்ப் படுக்க வைத்து, மணிக்கொரு முறை அழுத்தம் பார்த்துக்கொண்டு விழித்திருந்தார். மற்றவர்கள் வெளியே திண்ணையில் ஜெபித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது மாமியார் எழுந்து வந்து, "கூப்பு ரோட்டுக்கு ஜீப்பு வராதுங்களா ஐயா?" என்று கேட்டார்.

எந்தக் கூப்பு ரோடு என்றோம். ஊருக்கு மேலே இருபது நிமிடம் ஏறினால் மலை முதுகோடு ஒரு ரோடு போகிறதாம், ஜமுனாமரத்தூர் ரோட்டில் போய்ச் சேருமாம். கைபேசி வரைபடத்தில் அப்படி ஒரு கோடே இல்லை. ஊரார் எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருடமும் நாங்கள் கேட்கவில்லை, அதனால் அவர்களும் சொல்லவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக எங்களில் இரண்டு இளைஞர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அந்த ரோட்டுக்கு ஏறினார்கள். நல்ல கிராவல் ரோடு, முதுகின் மேலேயே போவதால் தண்ணீர் இரு பக்கமும் வடிந்து பெரும்பாலும் கெடாமல் இருந்தது. ஒன்பது கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்தில் கடந்தார்கள். இரண்டே இடத்தில் விழுந்து கிடந்த கல்லை உருட்டித் தள்ளினார்கள். சிக்னல் கிடைத்ததும் ஓட்டுநருக்குப் பேசினார்கள். ஒன்பதரை மணிக்கு நம்முடைய ஜீப், நீங்கள் கொடுத்த அதே பழைய ஜீப், எந்த நாளும் போயிராத அந்த மலை முதுகில் வந்து நின்றது. அந்தப் பெண்ணை இருபது நிமிடம் டோலியில் தூக்கினோம், அவ்வளவுதான். அவள் மூன்று வாரம் நம்முடைய வார்டில் இருந்து, ஒரு பெண் குழந்தையைப் பெற்று, நலமாய் வீடு திரும்பினாள். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

நாங்கள் அமிர்தி வழியாக இறங்கி வந்தோம். வழியில் ஓர் ஓடைக்கரையில் ஜெபத்துக்காக அமர்ந்தபோது நல்ல சமாரியனுடைய உவமையைத் தியானித்தோம். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 750 மீட்டர் உயரம், எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 250 மீட்டர் பள்ளம். நடுவில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. அந்த வழியும் ஒரு கரடுமுரடான மலைப்பாதையே. குழுவிலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர், "அடிபட்டவரைத் தன் மிருகத்தின் மேல் ஏற்றினாரே, அப்புறம் மீதித் தூரம் அவர் நடந்துதானே போயிருப்பார்?" என்று கேட்டார். எத்தனையோ பிரசங்கங்களில் இந்த உவமையைக் கேட்டிருந்தும் அந்த நடை எங்கள் நினைவுக்கு வந்ததில்லை. அன்றைக்கு எங்களுக்குக் காலெல்லாம் வலி, அதனால் வந்திருக்கலாம்.

திரும்பி வந்து அந்த ஆறு கிலோமீட்டரையும் மறக்காமல் கணக்குப் பார்த்தோம். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் ஒரு கணக்குச் சொல்லி வைத்தார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி சேர்க்க வேண்டும். டோலி வந்த பாதையில் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 300 மீட்டர். அப்படியானால் கைவீசி நடக்கும் திடகாத்திரமான ஆளுக்கே ஒரு மணி நாற்பத்திரண்டு நிமிடம். சுமையோடு, மழையில், ஓடை கடந்து, தோள் மாற்றி மாற்றி வந்தவர்களுக்கு மூன்றே முக்கால். டாக்டருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இப்போது நம்முடைய பதிவேட்டில் 'தூரம்' என்ற கட்டத்தை அடித்துவிட்டு 'நேரம்' என்று எழுதியிருக்கிறோம். சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது, கூடுகை முடிந்ததும் போய்ப் பாருங்கள். சைக்கிள் ஓடுகிற பாதை பச்சை, தள்ள வேண்டியது சிவப்பு, சிக்னல் பாறை நீலப் புள்ளி, ஜீப்பும் டோலியும் சந்திக்கிற இடம் ஒரு சிலுவைக் குறி. கிலோமீட்டர் எங்கும் இல்லை, நிமிடங்கள்தான். மாதாந்தர ஜீப் இனி அந்த மலை முதுகில் நிற்கும். ஐந்து ஊர்களுக்கு நடை பாதியாகிவிட்டது. குழாய்ப் பாலத்துக்காக ஊரார் மனு எழுதியிருக்கிறார்கள், நாங்களும் கையெழுத்திட்டோம். நிறைமாதக் கர்ப்பிணிகள் முன்கூட்டியே கீழே வந்து தங்குவதற்கு வார்டின் பின்புறம் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறோம். அதற்கு நான்கு கட்டில் தேவை. மலையில் சுகாதாரப் பணியாளராய் இருக்கும் சகோதரிகள் மூவருக்குக் கியர் உள்ள சைக்கிள் வாங்கித் தரலாமா என்ற யோசனையும் உண்டு. எந்த மாதிரி வாங்குவது என்று அவர்களையே ஓட்டிப் பார்க்கச் சொல்லி இருக்கிறோம். ஒருவர் இரண்டு நாள் ஓட்டிவிட்டு, இறக்கத்துக்கு இது, ஏற்றத்துக்குக் கால்தான் என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதை ஏற்றுக்கொள்வோம் என்று நினைக்கிறோம்.

அஞ்சலட்டை எழுதிய சகோதரருக்கு இந்த உரையின் பிரதி ஒன்றை அனுப்புகிறோம். கணக்கில் ஒரே ஒரு பொருள் மட்டும் குறைகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் காற்றடிக்கும் பம்பை அந்த மாமியார் வீட்டுத் திண்ணையிலேயே மறந்து வைத்துவிட்டோம். அரசாங்கம் கொடுத்த சைக்கிள் வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள் இப்போது சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் அங்கே வந்து காற்று அடித்துக்கொண்டு போகிறார்களாம். சென்ற மாதம் போனபோது அந்த அம்மா அதைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்க எடுத்து வந்தார். அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.